நூரக்கா உட்கார்ந்து பார்த்த கார்கள்

“எல்லாரும் எறங்குங்க. கேஸ் பிடிக்கையில வண்டிக்குள்ள ஆள் இருக்கக் கூடாது.”

பங்க் ஊழியர் அதை அதட்டலாகச் சொல்லவில்லை. நாள் முழுக்க ஒவ்வொரு வண்டியிடமும் சொல்லிச் சொல்லி, அந்த வாக்கியத்தின் ஏற்ற இறக்கமெல்லாம் தேய்ந்துபோயிருந்தது. திருமங்கலம் போகும் ரோடு. வெயில் ஏறத் தொடங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. தரையில் மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு இழுத்திருந்தார்கள். இறங்கியவர்கள் அதற்கு அப்பால் போய் நிற்க வேண்டும்.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது நான். பக்கத்தில் நூரக்கா. பின்சீட்டில் என் கணவர் வரதனும், காரை விற்றுக்கொடுக்க வந்திருந்த புரோக்கர் முருகேசனும். கார் இன்னும் எங்களுடையது ஆகவில்லை. ஓட்டிப் பார்க்க ஒரு காலைப்பொழுது கொடுத்திருந்தார்கள். விலைக்கு வரும் வண்டிகளில் எரிபொருள் எப்போதும் அடுத்த பங்க் வரைக்கும்தான் இருக்கும் என்பது அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது.

ஆண்கள் இருவரும் இறங்கிக் கோட்டைத் தாண்டிவிட்டார்கள். நானும் இறங்கினேன். நூரக்கா கதவைத் திறந்தார், இறங்கவில்லை. பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு சொந்தக்காரர்களைப் பார்ப்பதுபோல் தன் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“செத்த பொறு தம்பி, வாரேன். ஒண்ணு சொன்னாக் கேக்குது. இன்னொண்ணு கேக்க மாட்டேங்குது” என்றார் ஊழியரிடம்.

எந்தக் காரை வாங்கப் போகிறோம் என்பது அங்கேதான் முடிவானது. ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால், முதலில் ஒரு பஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கூடை வைத்த சீட்

இந்தத் தொடருக்கு இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்காக: நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. மதுரையில் ஒரு பத்திரிகையின் இணைப்பிதழ்ப் பிரிவில் பகல் வேலை. வரதனுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் கிளார்க் உத்தியோகம். அதனால் வீட்டை மதுரைக்கு மாற்ற முடியவில்லை. ரயில் நேரம் என் வேலை நேரத்துக்கு ஒத்துவரவில்லை. ஆகவே பஸ்.

அந்தக் காலை பஸ் ராஜபாளையத்தில் புறப்படும். எங்கள் ஊருக்கு வரும்போதே நிறைந்திருக்கும். மதுரை வரைக்கும் நின்றுகொண்டே போவது என்றால், ஆபீஸ் போய்ச் சேரும்போது பாதி நாள் வேலை பார்த்த அலுப்பு வந்துவிடும். இதற்கு அந்த பஸ்ஸின் அன்றாடப் பயணிகள் ஒரு வழி வைத்திருந்தார்கள். ராஜபாளையத்தில் ஏறுபவர் ஒவ்வொருவரும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறும் ஒருவருக்கு இடம் பிடித்து வைப்பார். ஒருவர் துண்டு போடுவார், இன்னொருவர் டிபன் பை வைப்பார். எங்கும் எழுதாத ஏற்பாடு. கண்டக்டர்களுக்கும் தெரியும், தெரியாததுபோல் இருப்பார்கள்.

எனக்கு இடம் பிடித்தவர் நூரக்கா. முழுப்பெயர் நூருன்னிசா. மதுரையில் ஒரு மொத்த மருந்துக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அவருடைய அடையாளம் பச்சை ஒயர் கூடை. அதைப் பக்கத்து சீட்டில் வைத்துவிட்டு, ஊர் வந்ததும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி என்னைத் தேடுவார். நான் பால்கோவாக் கடை வாசலில் நிற்பேன். அந்த நேரத்துக்கே உள்ளே அடுப்பு எரியும். பாலும் விறகுப் புகையும் கலந்த வாசனை தெரு வரைக்கும் வரும். என்னைப் பார்த்ததும் நூரக்கா கையைத் தூக்கிக் காட்டிவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொள்வார்.

கூட்டத்தில் அவர் முகம் தெரியாது. முன்படியிலிருந்தே நான் குரல் கொடுப்பேன்: “ஏறியாச்சுக்கா!” அதற்குப் பிறகுதான் கூடை சீட்டைவிட்டு எழுந்து அவர் மடிக்குப் போகும்.

என் மகன் வயிற்றில் இருந்தபோது நடந்தது. சேத்தூர்ப் பக்கத்து மனிதர் ஒருவர், வெள்ளைச் சட்டை, கையில் மஞ்சள் பை, கூடையை நகர்த்திவிட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு இதைப் பின்னால் இருந்தவர்கள்தான் சொன்னார்கள்.

“அண்ணாச்சி, அந்தக் கூடைக்கு ஏழு மாசம். நின்னுக்கிட்டு வர ஏலாது” என்றாராம் நூரக்கா.

“கூடைக்கா?”

“கூடைக்காரிக்கு. இந்தா ஏறுதா பாருங்க.”

நான் ஏறியபோது அந்த மனிதர் எழுந்து நின்றிருந்தார். அதோடு விடாமல், மற்றவர்களையும் ஒதுக்கி எனக்கு வழி விட்டார். டி.கல்லுப்பட்டியில் அவருக்கு இடம் கிடைத்ததும் நூரக்கா கூடையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து நீட்டினார். “கோவிச்சுக்கிடாதீக” என்றார். அவர் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. பழத்தைச் சாப்பிட்டார்.

படி

முழங்கால் வலி எந்த நாளில் தொடங்கியது என்று நூரக்காவுக்கே தெரியாது. எனக்குத் தெரிந்தது கூடையை வைத்துத்தான். ஒருநாள் அது சீட்டுக்குப் பதிலாக இன்ஜின் பெட்டி மேல் இருந்தது. படியேறி உள்ளே நடந்து வர முடியாமல், முன்னாலேயே உட்கார்ந்துவிட்டிருந்தார். பிறகு மழைக்காலத்தில் ஒரு வாரம் வரவில்லை. திரும்பி வந்தபோது கண்டக்டர் கீழே இறங்கித் தோளைக் கொடுத்து ஏற்றிவிடும் நிலை.

டாக்டர் ஆபரேஷன் சொல்லியிருந்தார். ஆபரேஷன் என்றால் மாதக்கணக்கில் வீட்டில் இருக்க வேண்டும். திரும்பிப் போகும்போது கடையில் வேலை இருக்குமா என்பது நிச்சயமில்லை. கணவர் காலமாகி வருஷங்கள் ஆகிவிட்டன. மகள் சபானா பார்மசி கடைசி வருஷத்தில் இருந்தாள்.

கிருஷ்ணன்கோவில் தாண்டும்போது, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்.

“இந்த மாசத்தோட நின்னுக்கிடலாம்னு பாக்கேன் கோதை.”

“சபானா?”

“அதான் யோசன. அவ படிப்பு முடியுத வரைக்கும் இந்த முட்டி ஓடுனாப் போதும். பொறவு கழட்டிப் போட்டுருவேன். உக்காந்து வேல பாக்க எனக்கு என்ன? நாள் பூரா பாப்பேன். இந்தப் படிதான்டி.” கையால் பஸ்ஸின் வாசலைக் காட்டினார். “மூணே மூணு படி.”

அவர் அழவில்லை. கூடையைத் திறந்து, எனக்கு நிலக்கடலை கொடுத்தார்.

எம்புட்டு குடுக்கும்?

அந்தச் சமயம் நான் கார் ஓட்டப் பழகி முடித்திருந்தேன். ஒரு சின்ன கார் வாங்கப் பணமும் சேர்த்துவைத்திருந்தோம். தினமும் மதுரை போய்வரும் வண்டி என்பதால் விலையும் மைலேஜும்தான் எங்களுக்கு அளவுகோல். எங்கள் பக்கத்தில் மைலேஜ் என்று யாரும் கேட்பதில்லை. “எம்புட்டு குடுக்கும்?” என்றுதான் கேட்பார்கள். மாடு வாங்கப் போன இடத்தில் கேட்கிற அதே கேள்வி, அதே முகம். குறைவாகக் கொடுக்கும் வண்டியை அதே வருத்தத்தோடு தட்டிக்கொடுத்துவிட்டுப் போவார்கள்.

யோசனைக்குப் பஞ்சமில்லை. கோர்ட்டில் ஒரு வக்கீல் டீசல் என்றார். என் ஆபீசில் பக்க வடிவமைப்பாளர் பெட்ரோல் என்றார். எதிர் வீட்டுக்காரர் பேட்டரி கார் என்றார். அதை நான் பஸ்ஸில் சொன்னபோது நூரக்கா கேட்டார்: “நடுவழியில தீந்துபோச்சுன்னா எந்த வீட்டுக் கதவத் தட்டி பிளக்கு கேப்ப?”

அவரைக் காரில் கூட்டிப்போகலாம் என்ற எண்ணம் எனக்கு எந்த இடத்தில் வந்தது என்று நினைவில்லை. வந்தபின், அது இல்லாமல் அந்தக் காரை நினைக்க முடியவில்லை. வரதனிடம் சொன்னேன்.

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “மதுரைக்குப் போக நீ முதல்ல ராஜபாளையம் போவ. அங்க அக்காவ ஏத்திக்கிட்டு, நம்ம வீட்டு வாசல் வழியாவே திரும்ப வந்து, அப்புறம் மதுரைக்குப் போவ.”

“ஆமா.”

“சாயங்காலமும் நம்ம வீட்டத் தாண்டிப் போய், விட்டுட்டுத் திரும்ப வருவ.”

“ஆமா.”

மோர் ஊற்றிக்கொண்டார். கோர்ட்டில் இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதிர்த்தரப்பின் வாதத்தை முழுதாகத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் தன் பக்கம் பேசுவார்கள். அவர் பக்கம் என்ன வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

“அப்ப கேஸ் வண்டிதான் கட்டுபடியாகும்” என்றார். “அதுதான் நெறையக் குடுக்கும்.”

அவ்வளவுதான். அந்தக் கூடையின் நிறம்கூட அவருக்குத் தெரியாது. ஆனால் பிரசவம் வரைக்கும் நான் ஒருநாளும் நின்றுகொண்டு மதுரை போகவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

நூரக்காவிடம் கேட்பதுதான் கடினமாக இருந்தது. உதவி என்று சொன்னால் வரமாட்டார். “புதுசா ஓட்டுறேன். அம்புட்டு தூரம் தனியாப் போகப் பயமா இருக்குக்கா. பக்கத்துல ஆள் வேணும்” என்றேன். அது பொய்யும் இல்லை.

“நான் என்ன டிரைவிங் ஸ்கூலா?” என்றார். பிறகு, “வண்டி பாக்கப் போறப்ப கூப்பிடு. உனக்கு வெல பேசத் தெரியாது” என்றார்.

டாக்டர் ஓட்டிய வண்டிகள்

புரோக்கர் முருகேசன் செட்டியார்பட்டிக்காரர். ராஜபாளையத்தில் ஒரு காலி மனையில் தகரக் கூரை போட்டுப் பழைய கார்களை நிறுத்தியிருந்தார். எந்த வண்டியைக் காட்டினாலும் அதை முன்பு ஓட்டியவர் ஒரு டாக்டராக இருந்தார்.

“டாக்டர் வண்டிக்கா. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் மட்டும்தான் ஓட்டுனாரு.”

“இதுவும் டாக்டர், அதுவும் டாக்டர்” என்றார் நூரக்கா. “அம்புட்டுப் பேரும் கார் ஓட்டிக்கிட்டே இருந்தா ஊசி போட்டது யாரு முருகேசா?”

முதலில் காட்டியது தாழ்வான வெள்ளைக் கார். நன்றாகக் கொடுக்கும் என்று பெயரெடுத்த வண்டி. விலையும் எங்கள் கைக்கு எட்டுவதாக இருந்தது. நூரக்கா உட்கார்ந்தார். உட்கார்வதில் சிரமமே இல்லை, கிட்டத்தட்ட விழுந்தார். எழுவதுதான் முடியவில்லை. நானும் முருகேசனும் ஆளுக்கொரு கையைப் பிடித்தோம். “கெணத்துக்குள்ள இருந்து தூக்குத மாதிரி இருக்கு” என்று அவரே சிரித்தார். வாசலில் டீ கொண்டுவந்த கடைக்காரரும் கிளாசை வைத்துவிட்டு வந்து கைகொடுத்தார்.

அடுத்தது உயரமான, ஜீப் மாதிரி ஒன்று. அதில் ஏற ஒரு படி இருந்தது. நூரக்கா அந்தப் படியை நின்று பார்த்தார். “இதுக்கு நான் பஸ்லயே போயிருவேன்.”

மூன்றாவதாக ஓரத்தில் நின்றது உயரக் கூரை போட்ட சின்ன வண்டி. பக்கவாட்டில் பார்த்தால் டிபன் கேரியர்போல நிமிர்ந்து நிற்கும். அழகு என்று யாரும் சொல்லமாட்டார்கள். கேஸில் ஓடுவது. டிக்கியில் சிலிண்டர் படுத்திருந்தது. நூரக்கா கதவைத் திறந்து, வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று, அப்படியே பின்னால் சாய்ந்தார். சீட் அவர் இடுப்பு உயரத்தில் சரியாக வந்து தாங்கியது. கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்தார். யாரும் கை கொடுக்கவில்லை.

உள்ளே இருந்தபடி எங்களைப் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் காட்டவில்லை. “எம்புட்டு குடுக்கும்?” என்று மட்டும் கேட்டார்.

அந்த வண்டியைத்தான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மதுரை ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம்.

மஞ்சள் கோடு

கேஸ் பங்க்குக்குத் திரும்பி வருகிறேன்.

நூரக்கா ஒரு காலைத் தரையில் வைத்தார். கதவின் மேல் விளிம்பைப் பிடித்தார். மற்றக் காலைக் கொண்டுவந்து எழுந்து நின்றார். மஞ்சள் கோடு வரைக்கும் நடந்தார். எங்களுக்கு அது பத்துப் பன்னிரண்டு எட்டு. அன்றைக்கு அழுத்தம் குறைவு, கேஸ் மெதுவாகத்தான் ஏறியது. பங்க்கில் உட்கார இடம் இல்லை. வெயில் நேராக முகத்தில் அடித்தது. நூரக்கா கைப்பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார், உடம்பின் பாரத்தையும் அதேபோல மாற்றினார்.

கேஸ் பிடித்து முடிந்ததும் திரும்ப நடை, திரும்ப ஏற்றம். உட்கார்ந்த பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

வரதன் வண்டியில் ஏறவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று முருகேசனிடம் கேள்வி கேட்கத் தொடங்கினார்.

“ஒரு தடவ பிடிச்சா எவ்வளவு தூரம் ஓடும்?”

“மதுர போய்ட்டு வர மட்டுமட்டா வரும் சார்.”

“அப்ப தெனமும் பிடிக்கணும்.”

“பிடிக்கத்தான் வேணும்.”

நான் குறுக்கிட்டேன். அக்காவைக் கடையில் இறக்கிவிட்டுவிட்டு மதுரையில் நான் மட்டும் போய்ப் பிடித்துக்கொள்கிறேன் என்றேன். முருகேசன், நியாயமான மனிதர், சரிவராது என்று தலையை ஆட்டினார். “காலையில அங்க ஆட்டோ வரிச ரோடு வரைக்கும் நிக்கும்க்கா. நீங்க ஆபீசுக்கு மத்தியானம்தான் போவீக. நம்ம பக்கத்துல பிடிக்கலாம்னா பாதி நாள் கேஸ் வந்திருக்காது. பெட்ரோல்லயும் ஓடும். ஆனா அப்படி ஓட்டுறதுக்கு சிலிண்டர எதுக்குச் சுமக்கணும்?”

வரதன் முன்சீட்டைப் பார்த்தார். நூரக்கா இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

“இதே வண்டி பெட்ரோல்ல மட்டும் இருக்கா?” என்று கேட்டார்.

முருகேசனுக்கு ஆச்சரியம். “சார், இம்புட்டுக் குடுக்காது சார். நீங்கதான கேஸ்தான் வேணும்னு...”

“நான்தான் சொன்னேன். இப்ப இதைச் சொல்றேன்.”

கேஸ் வண்டிக்குக் காரணம் சொன்னவரும் அவர், பெட்ரோலுக்கு மாறியவரும் அவர். இடையில் ஆன கூடுதல் செலவுக்கு அவர் என்ன செய்தார் என்பது சில மாதங்கள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அந்த வருஷம் வாங்குவதாக இருந்த புது பைக்கைப் பற்றி அவர் பிறகு பேசவே இல்லை. பழைய ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பித்தான் கோர்ட்டுக்குப் போனார்.

முள் எங்கே நிற்கிறது

பெட்ரோல் வண்டி மூன்று வாரத்தில் கிடைத்தது. அதே உயரக் கூரை, மங்கிய நீலம். பின்கண்ணாடியில் சிவப்பு பிளஸ் ஸ்டிக்கரை உரித்த தடம் இருந்தது. நிஜமாகவே ஒரு டாக்டரின் வண்டி. வரதன் அதை விரலால் தடவிப் பார்த்தார். முருகேசன் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய தொழிலில் அப்படி ஒரு நாள் அடிக்கடி வராது என்று நினைக்கிறேன்.

நூரக்கா பெட்ரோலுக்குப் பங்கு தருவேன் என்று நின்றார். வரதன் சட்டம் பேசினார். “இது வெள்ளை போர்டு வண்டிக்கா. ஆள் ஏத்திக் காசு வாங்குனா தப்பு. கோர்ட்டுல வேல பாக்குறவன் வீட்டுலயே நடக்கலாமா?”

“அப்ப டீ வாங்கிக் குடுத்தா?”

“டீ சட்டத்துல வராது.”

அன்றிலிருந்து கல்லுப்பட்டி டீ அவருடையது.

வண்டியை அதிகம் கொடுக்க வைப்பதற்கு வரதன் சில விதிகள் சொன்னார். அறுபதுக்கு மேல் போகாதே. சும்மா சும்மா பிரேக்கை மிதிக்காதே. டயரில் காற்று குறையவிடாதே. வெயில் ஏறுகிற வரைக்கும் ஏசி வேண்டாம். இவற்றை நான் மறந்தாலும் நூரக்கா மறக்கவில்லை. பங்கு வாங்க மறுத்ததற்கு அவருடைய பதில் அது.

“ஏட்டி, முள்ளு எங்க நிக்குது பாரு. தம்பி சொன்னது மறந்துபோச்சா?”

“லாரியத் தாண்டுறேன்க்கா.”

“அவன் போகட்டும். அவனுக்கு என்ன அவசரமோ.”

கண்ணாடியை இறக்கிக்கொண்டு, ராஜபாளையத்து மில்களையும் இடப்பக்கம் கூடவே வரும் மலையையும் பார்த்துக்கொண்டு, அறுபதுக்குள் போனோம். அப்படி ஓட்டியதில், கேஸ் அளவுக்கு இல்லாவிட்டாலும், முருகேசன் சொன்னதைவிட வண்டி கூடவே கொடுத்தது. சபானாவின் கடைசி வருஷம் அந்த வண்டியில்தான் ஓடி முடிந்தது. அவளுக்கு மதுரையிலேயே ஒரு மருந்தகத்தில் வேலை கிடைத்து, முதல் மாதச் சம்பளம் வந்த பிறகுதான் நூரக்கா கடையிலிருந்து நின்றார். பிறகுதான் ஆபரேஷன். இப்போது ராஜபாளையத்தில் தன் வீட்டு மாடிப்படியை என்னிடம் ஏறிக் காட்டுகிறார்.

ஆனால் நான் சொல்லி முடிக்க விரும்புவது முதல் நாள் காலையை.

இருட்டு இன்னும் பிரியவில்லை. புது டிரைவர் என்பதால் வரதன் ராஜபாளையம் வரைக்கும் வந்து, திரும்பும்போது எங்கள் ஊரில் இறங்கிக்கொள்வதாக ஏற்பாடு. தன் தெருமுனையில் நூரக்கா பச்சைக் கூடையோடு நின்றிருந்தார். திரும்பி நின்றார், சாய்ந்தார், கால்களை எடுத்து வைத்தார். கூடையைப் பின்சீட்டில் வரதனுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“கீழ வைக்கவாக்கா? எடஞ்சலா இருக்குமே” என்றார் வரதன்.

“வேண்டாம் தம்பி. சீட்டுலயே இருக்கட்டும்.”

ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தபோது கிழக்கே வெளுத்திருந்தது. கோபுரத்து விளக்கு இன்னும் அணையவில்லை. வரதன் எங்கள் தெரு முக்கில் இறங்கிக் கையசைத்தார். நான் மெதுவாக ஓட்டிப் போனேன். பால்கோவாக் கடை வந்தது. பாலும் புகையும் கலந்த அந்த வாசனை உள்ளே வந்தது.

நூரக்கா கண்ணாடியை முழுதாக இறக்கினார். தலையை வெளியே நீட்டினார். நான் வழக்கமாக நிற்கும் இடத்தைத் தேடினார். அங்கே பஸ்ஸுக்கு நின்ற நாலைந்து பேரை ஒவ்வொருவராகப் பார்த்தார். கை பாதி உயரத்துக்கு எழுந்துவிட்டது. அங்கேயே நின்றது.

மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

“ஏட்டி, ஒன்னத்தான் தேடுதேன்” என்றார்.

“ஏறியாச்சுக்கா” என்றேன்.

அவர் பின்னால் கையை நீட்டி, சீட்டில் இருந்த கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.